சிங்கப்பூர் சம்பளமும் ஊர்ச் சம்பளமும்: மணிக்கணக்குப் போட்டு ஒப்பிடுவது எப்படி

சிங்கப்பூர் வேலை பற்றி முதலில் காதில் விழுவது ஒரு மாதத் தொகைதான். "கைக்கு 80,000 வரும்" என்று ஏஜென்ட் சொல்வார். ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ 20,000 வாங்கிக்கொண்டிருப்பவருக்கு அது நாலு மடங்காகத் தெரியும். வீட்டில் நகை அடகுக்குப் போகும், வட்டிக்குப் பணம் வாங்கப்படும். அந்த 80,000 எத்தனை மணி நேர வேலைக்கு, அதில் எவ்வளவு ஓடி (ஓவர்டைம், கூடுதல் நேர வேலைக் கூலி), எவ்வளவு ஏஜென்ட் கடனுக்குப் போகும் என்பதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவருகிறது. போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. போகலாம், பல குடும்பங்கள் அதனால் தலை நிமிர்ந்திருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து கணக்குப் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு மாலை நேரம் போதும்.

கணக்கின் அடிப்படை ஒன்றுதான்: மாதச் சம்பளத்தை மாதச் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கடைசியில் வீட்டில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

கீழே வரும் சம்பளம், சாப்பாட்டுச் செலவு, ஏஜென்ட் தொகை எல்லாம் கணக்குக் காட்ட நான் எடுத்துக்கொண்டவை. ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) 65 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். உங்கள் எண்களையும் அன்றைய ரேட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். சட்ட விதிகள் மட்டும் உள்ளபடியே.

முதலில் ஐபிஏ கடிதம்

வாய்ச்சொல்லை வைத்துக் கணக்குப் போட முடியாது. வொர்க் பர்மிட்டுக்கு சிங்கப்பூர் மனிதவள அமைச்சு முதல்கட்ட ஒப்புதல் தரும்போது ஐபிஏ கடிதம் வரும். அடிப்படைச் சம்பளம் (பேசிக்), நிலையான அலவன்ஸ், பிடித்தம் மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கும். நீங்கள் கிளம்பும் முன்பே அது உங்களுக்குப் புரியும் மொழியில் கைக்கு வர வேண்டும். கொடுக்கத் தயங்குகிற ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கடிதம் உண்மையானதா என்று அமைச்சின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அதில் போட்டிருக்கும் சம்பளத்தை, நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமலும் அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் முதலாளி குறைக்க முடியாது. அதனால்தான் ஐபிஏயில் 800 என்று இருக்கும்போது "அங்கே போனால் 1,000 ஆக்கிவிடுவார்கள்" என்று யார் சொன்னாலும் கணக்கில் 800 என்றே எழுதுங்கள்.

பேசிக்கை மணிக்கூலியாக மாற்றுங்கள்

சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி வழக்கமான வேலை வாரத்துக்கு 44 மணி நேரம். மணிக்கூலிக்குச் சூத்திரம் இருக்கிறது: மாத பேசிக்கை 12 ஆல் பெருக்கி, 52 ஐ 44 ஆல் பெருக்கி வரும் 2,288 ஆல் வகுக்க வேண்டும். பேசிக் 800 வெள்ளி என்றால் 9,600 ஐ 2,288 ஆல் வகுத்தால் 4.20 வெள்ளி. நம் காசில் 273 ரூபாய்.

ஊர் வேலைக்கு வாரம் 48 மணி. 1948 தொழிற்சாலைச் சட்டம் வகுத்த அளவு அது, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் வாரத்துக்கு அதே 48 தான். மாதத்துக்கு 208 மணி வரும். மொத்தச் சம்பளம் 20,000 என்றால் மணிக்கு 96 ரூபாய். (எட்டு மணி நேரத்தின் அருமை நம் ஊருக்குப் பழக்கமானது. 1923 இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றினார். நூறு வருடம் கழித்து, 2023 இல், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. வெளிநாடு போகும்போது மட்டும் நாமே கேட்காமல் 12 மணிக்குத் தலையாட்டிவிடுகிறோம்.)

ஓடி: ஏமாறும் இடம் இதுதான்

கட்டுமானம், கப்பல் பட்டறை, தொழிற்சாலை எதுவானாலும் சிங்கப்பூர் சம்பளத்தில் பெரும்பங்கு ஓடியிலிருந்து வருகிறது. விதி இப்படி: கூடுதல் நேரத்துக்கு மணிக்கூலியில் ஒன்றரை மடங்கு. மாதத்துக்கு ஓடி 72 மணிக்கு மேல் போகக் கூடாது. ஒரு நாளில் ஓடியும் சேர்த்து 12 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

நம் உதாரணத்தில் ஓடி மணிக்கு 6.29 வெள்ளி. நாளைக்கு 10 மணி, வாரம் ஆறு நாள் என்றால் வாரம் 60 மணி. 44 போக 16 மணி ஓடி. மாதச் சராசரி 69 மணிக்குச் சற்று மேல். அதற்குக் கிடைப்பது 436 வெள்ளி. 800 ஐயும் சேர்த்தால் 1,236 வெள்ளி, அதாவது 80,340 ரூபாய். ஏஜென்ட் சொன்ன 80,000 இங்கிருந்துதான் வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓடி.

இப்போது ஐபிஏயை மறுபடி எடுத்து, பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஓடி கணக்கிடுவது பேசிக்கின் மீது மட்டும்தான். அதே 800 வெள்ளியை பேசிக் 500, அலவன்ஸ் 300 என்று பிரித்திருந்தால் மணிக்கூலி 2.62, ஓடி 3.93. அதே 69 மணி ஓடிக்கு 273 வெள்ளிதான் வரும். மாதம் 163 வெள்ளி, ஏறக்குறைய 10,600 ரூபாய், ஒரு வரி மாறியதால் போகிறது. வேலை நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது. இரண்டு கம்பெனி ஆஃபர் கையில் இருந்தால் மொத்தத் தொகை சற்றுக் குறைவாக இருந்தாலும் பேசிக் அதிகமுள்ளதை எடுப்பது பெரும்பாலும் லாபம்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வேறு கணக்கு. வார ஓய்வு நாளில் முதலாளி கேட்டு நீங்கள் வேலை பார்த்தால், வழக்கமான நேரத்தில் பாதி வரை ஒரு நாள் சம்பளம், பாதிக்கு மேல் போனால் இரண்டு நாள் சம்பளம். பேசிக் 800 என்றால் ஆறு நாள் வாரத்துக்கு ஒரு நாள் சம்பளம் 30.77, ஆக ஒரு ஞாயிறுக்கு 61.54 வெள்ளி. ஆனால் நீங்களாகக் கேட்டு வேலைக்குப் போனதாக எழுதினால் இது பாதியாகிவிடும். தாளில் கையெழுத்துப் போடும் முன் யார் கேட்டதாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் ஓடிக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். நடைமுறையில் பல இடங்களில் ஒற்றைச் சம்பளமே கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. உங்கள் கம்பெனி கொடுப்பதையே கணக்கில் எழுதுங்கள்.

நேரத்தை வாசலிலிருந்து அளந்து பாருங்கள்

10 மணி வேலை என்றால் சாப்பாட்டு இடைவேளை அதில் சேராது. காலை 8 முதல் மாலை 7 வரை சைட்டில் இருந்தால்தான், நடுவில் ஒரு மணி நேரம் போக, 10 மணி. அதற்கு முன்னும் பின்னும் லாரியோ பஸ்ஸோ. டார்மிட்டரி (தொழிலாளர் விடுதி) துவாஸ் பக்கம், வேலை சாங்கி பக்கம் என்றால் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு. விடியுமுன் கிளம்பி, இரவு வந்து, சமையலுக்கோ குளிக்கவோ வரிசையில் நின்று படுக்கும்போது நாள் முடிந்துவிடும். போகவர நாளைக்கு இரண்டு மணி என்று வைத்தால் மாதம் 52 மணி. ஊர் வேலைக்கும் இதையே செய்யுங்கள். கம்பெனி பஸ்ஸில் போகவர ஒன்றரை மணி என்றால் மாதம் 39.

வருடக் கணக்கும் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் பொது விடுமுறை 11 நாள், முதல் வருடம் ஆண்டு விடுப்பு 7 நாள். வாரம் 60 மணி என்றால் வருடம் 3,120 மணி. 18 நாளைக் கழித்தால் 2,940. தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறை 9 நாள், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பள விடுப்பு வருடம் 15 நாள். 2,496 இல் 24 நாளைக் கழித்தால் 2,304. வித்தியாசம் 636 மணி. எட்டு மணி நேர நாட்களாகப் பார்த்தால் 80 நாள். ஊரில் இருப்பவரைவிட வருடத்தில் 80 நாள் அதிகம் உழைக்கிறீர்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி இந்த நாட்களின் விலை.

கழிக்க வேண்டியவை

வெள்ளியை நேராக 65 ஆல் பெருக்குவது பாதிதான் சரி. நீங்கள் அங்கே சாப்பிடும் பணம் அங்கத்திய விலையில் போகிறது, மிச்சம் மட்டுமே ஊர் விலையில் செலவாகிறது. பொருளாதாரப் பக்கங்களில் வரும் வாங்கும் திறன் கணக்கு நாட்டை நாட்டோடு ஒப்பிட நல்லது, ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கு ஒத்துவராது. அதனால் முதலில் வெள்ளியிலேயே கழித்துவிட்டு, மிஞ்சுவதை மட்டும் ரூபாயாக்குங்கள்.

சாப்பாடு கேட்டரிங் 180, ஃபோன், சவரம், பணம் அனுப்பும் கட்டணம், தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) ஞாயிற்றுக்கிழமை போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து 70. ஐபிஏயில் தங்குமிடப் பிடித்தம் இருந்தால் அதையும் கழியுங்கள். என் உதாரணத்தில் இல்லை. 1,236 இல் 250 போக 986 வெள்ளி, 64,090 ரூபாய். வருட வருமானம் 20,000 வெள்ளிக்குக் கீழே இருக்கிறது, வருடத்தில் 183 நாளுக்குக் குறையாமல் அங்கே இருப்பவருக்கு வரி வராது.

லெவி என்ற பெயரில் பிடித்தம் இருந்தால் அது சட்டவிரோதம். லெவி முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய பணம், தொழிலாளியின் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. வேலை கொடுத்ததற்கோ பர்மிட் புதுப்பித்ததற்கோ முதலாளி காசு கேட்பதும் குற்றம்.

அப்புறம் ஏஜென்ட். இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. சிங்கப்பூர்ப் பக்கத்து ஏஜென்சி ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், கூடிப்போனால் இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே வாங்கலாம். சட்டம் இப்படி இருக்க, ஊரில் லட்சக்கணக்கில் கைமாறுகிறது. ஸ்கில் டெஸ்ட் பயிற்சிக் கட்டணம் தனி. எது எதற்கு எவ்வளவு என்று ரசீது கேளுங்கள், பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. தனியாரிடம் போகும் முன் அங்கே ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

உங்களுக்கு மொத்தச் செலவு 2 லட்சம், அதுவும் இரண்டு வட்டிக்குக் கடன், 12 மாதத்தில் சமமாக அடைக்கிறீர்கள் என்று வைப்போம். வட்டி 26,000. ஆக 2,26,000. பர்மிட் இரண்டு வருடம் என்றால் மாதத்துக்கு 9,417 ரூபாய்.

ஊர் வேலையில் கழிப்பதோடு கூட்டவும் வேண்டும். 20,000 இல் பேசிக்கும் பஞ்சப்படியும் 12,000 என்றால் பிஎஃப் 12 சதவீதம், 1,440. இஎஸ்ஐ 0.75 சதவீதம், 150. கைக்கு 18,410. ஆனால் அந்த 1,440 உங்கள் பணம்தான், முதலாளியும் இன்னொரு 1,440 போடுகிறார் (அதில் பெரும்பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகும்). வருடம் 12,000 தீபாவளி போனஸ் என்றால் மாதம் 1,000. எல்லாம் சேர்த்தால் 22,290. உங்கள் ஒருவர் சாப்பாடு, ஃபோன் செலவு 3,500 போனால் 18,790.

இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்

சிங்கப்பூர்: 64,090 இல் ஏஜென்ட் கடன் 9,417 போக 54,673 ரூபாய். வேலை 260 மணி, பயணம் 52, ஆக 312 மணி. மணிக்கு 175 ரூபாய்.

ஊர்: 18,790 ரூபாய். வேலை 208 மணி, பயணம் 39, ஆக 247 மணி. மணிக்கு 76 ரூபாய்.

நாலு மடங்கு என்று தொடங்கியது 2.3 மடங்கில் வந்து நிற்கிறது. இது இன்னும் நல்ல வித்தியாசம்தான், சந்தேகமில்லை. பிள்ளையைப் படிக்க வைக்கவோ வீடு கட்டவோ பலரும் இதற்காகவே போகிறார்கள். ஆனால் இந்தக் கணக்கை இன்னும் மூன்று முறை போடாமல் முடிவெடுக்காதீர்கள்.

முதலாவது, ஓடி இல்லாமல். சைட்டில் வேலை குறைந்தால், மழையில் நின்றால், கம்பெனிக்கு ஆர்டர் இல்லாவிட்டால் 44 மணியோடு நிற்கும். முதலாளி ஓடி கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்போது 800 இல் 250 போக 550 வெள்ளி, 35,750 ரூபாய். கடன் பங்கு போக 26,333. ஊரில் மிஞ்சும் 18,790 ஐவிட 7,500 ரூபாய்தான் அதிகம். கடல் தாண்டி, குடும்பத்தைப் பிரிந்து, 7,500 ரூபாய்க்கு. அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற ஒருவரைப் பிடித்து, கடந்த ஆறு மாதம் சராசரியாக எத்தனை மணி ஓடி கிடைத்தது என்று கேளுங்கள். ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள், அதே கம்பெனியில் இருப்பவரிடம் கேளுங்கள். முடிந்தால் அவர் பே ஸ்லிப்பைப் பாருங்கள். இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் மற்ற எல்லாக் கணக்கையும்விட முக்கியம்.

இரண்டாவது, கடன் அடைபடும் காலம். ஓடி இருந்தால் ஊரைவிட மாதம் 45,300 கூடுதலாக மிஞ்சும், 2,26,000 ஐந்து மாதத்தில் அடையும். ஓடி இல்லாவிட்டால் கூடுதல் 16,960 தான், 13 மாதம் ஆகும், வட்டியும் ஏறும். எட்டாவது மாதம் பர்மிட்டை ரத்து செய்து அனுப்பிவிட்டால் நஷ்டத்தோடு வருவீர்கள். ஏஜென்ட்டுக்கு 4 லட்சம் கொடுத்தவருக்கு இந்தக் காலம் எல்லாம் இரட்டிப்பு.

மூன்றாவது, ஊர்ச் சம்பளம் இரண்டு வருடத்தில் எங்கே இருக்கும் என்பது. சிஎன்சி, வெல்டிங் போன்ற தொழில் கையில் இருந்து, இங்கேயே 28,000, 30,000 வாங்க வாய்ப்புள்ளவர் இன்றைய 20,000 ஐ வைத்து ஒப்பிடக் கூடாது.

ரூபாயில் வராதவை

வெளிநாட்டுத் தொழிலாளிக்கு சிங்கப்பூரில் சேமநிதி கிடையாது. ஊரில் பிஎஃப் தொடர்ச்சி அறுபடும். ஐந்து வருடம் முடியுமுன் நிரந்தர வேலையை விட்டால் பணிக்கொடையும் பெரும்பாலும் போகும். நான்கு வருடம் முடித்தவர் ஒரு வருடம் பொறுத்துக் கிளம்புவதே நல்லது என்பேன். மறுபக்கம், அங்கே முதலாளி வருடம் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுச் சட்டம் வலுவானது, ஆறு மாதம் முடித்தவருக்கு ஊதியத்தோடு 14 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. பர்மிட் முடிந்து திரும்பும் டிக்கெட்டும் முதலாளி செலவு. நடுவில் ஊருக்கு வரும் டிக்கெட் மட்டும் உங்களுடையது.

எஸ் பாஸ் என்றால்

வொர்க் பர்மிட்டுக்கு அடுத்த படியான, நடுத்தரத் திறன் வேலைகளுக்கான அனுமதி எஸ் பாஸ். அதற்கு 2025 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. தொகை பெரியது, ஆனால் ஓடி விதிகளைத் தனியாகப் பாருங்கள். 44 மணி, ஒன்றரை மடங்கு, வார ஓய்வு நாள் எல்லாம் உடலுழைப்பு வேலையில் 4,500 வெள்ளி பேசிக் வரை, மற்ற வேலையில் 2,600 வரைதான் பொருந்தும். டெக்னீஷியனாக 3,300 வாங்குபவருக்கு ஓடி உண்டு. அதே 3,300 க்கு அலுவலக வேலையோ கண்காணிப்பு வேலையோ பார்ப்பவருக்குச் சட்டப்படி ஓடி இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தால்தான். அவர் வாரம் 60 மணி உழைத்தால் 60 மணிக்கும் அதே 3,300 தான். வாடகையும் பெரும்பாலும் சொந்தச் செலவு. வருட வரி சில நூறு வெள்ளி வரும்.

போய்ச் சேர்ந்த பிறகு

போட்ட கணக்கு நடக்கிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். ஒரு சின்ன நோட்டில் தினமும் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சைட் பெயர் மூன்றையும் எழுதுங்கள். டைம் கார்டு இருந்தால் ஃபோனில் படம் எடுத்து, ஊரிலுள்ள ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். சம்பள மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓடியும் வர வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து விவரமான பே ஸ்லிப் கொடுப்பது கட்டாயம். அதில் ஓடி மணி எத்தனை என்று போட்டிருப்பதை உங்கள் நோட்டோடு வைத்துப் பாருங்கள். நோட்டில் 69, ஸ்லிப்பில் 50 என்றால் 19 மணி, 119 வெள்ளி, 7,700 ரூபாய்க்கு மேல். வெற்றுத் தாளிலோ நீங்கள் வாங்காத தொகைக்கோ கையெழுத்துப் போடாதீர்கள்.

பேசிப் பார்த்தும் சரியாகாவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடம் போகலாம், தமிழிலேயே பேசலாம். சம்பளப் புகாரை தகராறு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் பதிவு செய்ய வேண்டும். சமரசம் ஆகாவிட்டால் அங்கிருந்து வேலைவாய்ப்பு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகும், 20,000 வெள்ளி வரை கேட்கலாம். வேலையில் இருந்துகொண்டே கேட்பதானால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டு நின்றிருந்தால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். ஊருக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், விமானம் ஏறும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.